செக்ரோலும் தேநீர்க் கோப்பையும்: மலைநாட்டுத் தொழிலில் தரம் பேணிய வரலாறு

வணிகக் கல்வி பயிலும் மாணாக்கர் கைக்கொள்ளும் நூல்களிலே தர மேம்பாடு, செய்முறை மேம்பாடு என்னும் இரு தொடர்கள் இக்காலத்து அடிக்கடி வருகின்றன. கட்டுப்பாட்டு வரைபடம், மீன்முள் வரைபடம், பரேற்றோ விதி, ஐந்து எஸ், கைசென் எனப் பல பெயர்களை அவர்கள் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதி வருகின்றனர். இவை யாவும் அமெரிக்காவிலே தோன்றி, யப்பானிலே வளர்ந்து, பின்னர் கப்பலேறி எம்மிடம் வந்தன என்பதே பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. ஆயினும், அக்கருவிகள் பெயர் பெறுவதற்கு முன்பே அவற்றுட் சில எமது மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் நாடோறும் வழங்கின என்பதும், அக்கருவிகளுக்கு அடிப்படையான கணித முறையொன்று பிறந்த காலத்திலேயே தலவாக்கலை வரை வந்து சேர்ந்தது என்பதும் பலர் அறியாதவை. அவ்வாறாயின், கருவிகள் இருந்தும் அவை கொடுத்திருக்க வேண்டிய பயன் ஏன் முழுமையாகக் கிட்டவில்லை? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளையிலிருந்து றத்தோட்டை, றிவர்ஸ்ரன், இலுக்கும்புர வழியாகப் பல்லேகமவுக்குச் செல்லும் மலைப்பாதையிற் பயணஞ் செய்வோர் சில மணி நேரத்துள் மூவகை உழைப்பைக் காணலாம். மேற்குச் சரிவிலே தேயிலை. நக்கிள்ஸ் மலையின் உச்சியை அடுத்துக் காடும், அக்காட்டு நிழலில் முன்னாளிற் பயிரிடப்பட்ட ஏலமும். கீழ்த்திசையில் இறங்கியதும் லக்கல, பல்லேகமப் பகுதியின் நெல்வயல்கள். களுகங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய பல்லேகமப் பட்டினம் இடம்பெயர்க்கப்பட்ட பின்னரும், அப்பகுதி மக்களின் தொழில் வேளாண்மையாகவே இருந்து வருகிறது. அவ்வேளாளன் விளைத்த நெல்லை அவன் வீட்டாரே உண்கின்றனர். அரிசி நன்றோ தீதோ என்று கூறும் நாவும், நாற்று நட்ட கையும் ஒரே குடிலில் உள்ளன. ஆங்குத் தரத்தை அளக்கத் தனியாக ஒரு கருவி வேண்டியதில்லை. மேற்குச் சரிவிலோ நிலைமை வேறு. கொழுந்தைப் பறிப்பவள் ஒருத்தி. அதனை வாட்டி உருட்டுவோர் வேறு சிலர். சுவைத்து விலை குறிப்பவர் கொழும்பில் இருப்பவர். அருந்துபவரோ கடல் கடந்த நாட்டவர். தோட்டத்து லயத்தில் அவள் பருகும் தேநீர் பெரும்பாலும் ஏற்றுமதிக்கு உதவாத தூளினின்றும் வடித்தது. செய்பவருக்கும் தீர்ப்புக் கூறுபவருக்கும் இடையில் இத்துணைத் தூரம் ஏற்படும்போதுதான் தரம் என்பது ஒரு பிரச்சினையாகிறது, கருவிகளும் தேவைப்படுகின்றன.

இத்தூரம் எமது நாட்டில் ஏற்பட்ட வரலாறு யாவரும் அறிந்ததே, சுருக்கமாகக் கூறுவாம். ஸ்கொத்லாந்து தேசத்தவரான ஜேம்ஸ் ரெயிலர் 1852ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். 1867இல் கண்டிப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் அடுத்து வந்த ஆண்டுகளிற் கோப்பித் தொழிலை அழித்தொழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக் காலந்தொட்டே தமிழகத்தினின்றும் வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் மாத்தளையை அடைந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். உயிரோடு வந்தோர் கண்ட முதலாவது மலைநாட்டுப் பட்டினம் மாத்தளையே. புகையிரதப் பாதை மாத்தளையை அடைந்தது 1880இல்.

ரெயிலர் முதலிற் கையாண்ட செய்முறை மிக எளியது. அவரது பங்களாவின் விறாந்தையில் இட்ட மேசைகளின் மீது கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்தி உருட்டுவித்தார். கரியடுப்பின் மேல் கம்பித்தட்டுகளில் இட்டுக் காயவைத்தார். 1872இல் உருட்டும் இயந்திரத்தோடு கூடிய தொழிற்சாலையை அமைத்தார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு ஏற்றுமதியாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் யக்சன் என்பாரின் உருட்டும் இயந்திரங்களும், டேவிட்சன் என்பாரின் சிறொக்கோ உலர்த்திகளும் மலைநாடெங்கும் பரவின.

இயந்திரம் வந்தபோது அதனோடு அளவுகளும் வந்தன என்பதே எமது பொருளுக்கு வேண்டியது. தேயிலை செய்தலின் ஒவ்வொரு படியும் ஓர் அளவுக்கு உட்பட்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பறிக்கப்பட வேண்டும். ஒரு மலையிற் பறித்தபின் அதே மலைக்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் மீண்டும் வந்துவிட வேண்டும். பிந்தினால் இலை முற்றிவிடும். வாட்டும் தட்டுகளிற் பரப்பிய கொழுந்து தன் எடையில் ஏறக்குறையப் பாதியை இழக்கும்வரை வாட வேண்டும். மழைக்காலத்தில் இதற்கு ஓர் இரவு முழுவதும் போதாது. உருட்டியபின் புளிக்கவிடும் நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்தும் மணத்தை முகர்ந்தும் அறிதல் வேண்டும். உலர்த்தியினின்றும் வெளிவரும் தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்களவே ஈரம் நிற்கலாம். நாலரைக் கிலோ வரையான பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். இவ்விகிதம் மாறினால் எங்கோ பிழை நேர்ந்துள்ளது என்று ரீமேக்கர் உடனே அறிவார். இன்றைய நூல்கள் செய்முறைக் கட்டுப்பாடு என்று வழங்குவது இதனினும் வேறன்று. ஒவ்வொரு படியையும் பிரித்தறிந்து, அப்படிக்குரிய அளவைக் குறித்து, அவ்வளவினின்றும் விலகியதைப் பொருள் முடிவடையுமுன்னரே கண்டு திருத்துதலே அதன் சாரம்.

தோட்டத்து மக்களும் இப்படிகளின் அருமையைத் தம் வழியில் அறிந்திருந்தனர். தொழிற்சாலைச் சக்கரத்தை அவர் ரோதை என்பர். அதற்கு ரோதை முனி என்றொரு காவற்றெய்வத்தை வைத்து வழிபட்டனர். தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலைக்கும் ஒரு சாமி உண்டு. இதனை மூடநம்பிக்கை என்று தள்ளுவாருமுளர். விபத்தும் பிழையும் எப்படியிலே மிகுதியாக நேரும் என்பதைத் தொழிலாளர் நன்கு உணர்ந்திருந்தமைக்கு இதனை ஒரு சான்றாகக் கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இனி, தோட்டத்தின் ஏடுகளை நோக்குவோம். மலைநாட்டுத் தோட்டம் எழுத்தின்மீது நின்ற தாபனம். துண்டு என்று ஒரு சீட்டு இருந்தது: தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மனிதர் ஒரு தோட்டத்தினின்றும் மற்றொரு தோட்டத்துக்குக் கடனோடு கைமாறினர். பெரிய கங்காணிக்குத் தலைக்காசு உண்டு: அவன் ஆட்களில் அன்றன்று வேலைக்கு வந்தோர் எத்தனை பேரோ அத்தனைக்கு ஒரு சிறு தொகை. இவையெல்லாவற்றுக்கும் நடுநாயகமாக விளங்கியது கணக்கப்பிள்ளையின் செக்ரோல். அதிலே ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும், அன்று அவருக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பதும், பறித்த கொழுந்தின் எடையும் நாடோறும் பதியப்பட்டன.

தர மேம்பாட்டு நூல்களிலே முதலாவதாகக் கூறப்படும் கருவி சரிபார்ப்புத் தாள் ஆகும். எவ்வகைப் பிழை, எப்போது, எவ்விடத்தில், எத்தனை முறை நேர்ந்தது என்று கோடிட்டுக் குறிப்பது அத்தாள். செக்ரோலுக்கும் அதற்கும் பெயரிலே உறவு, வடிவிலும் உறவு. பொருளிலே மட்டும் பெரியதொரு வேற்றுமை. செக்ரோல் ஆளை எண்ணிற்று, பிழையை எண்ணவில்லை. ஒருத்தியின் கூடையில் இத்தனை இறாத்தல் என்று எழுதிற்று. அக்கொழுந்து எந்த மலையினின்றும் வந்தது, முந்திய பறிப்புக்கும் இதற்கும் எத்தனை நாள் இடைவெளி, வெயிலில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பனவற்றை அப்பெயரோடு சேர்த்து எழுதவில்லை. கூலி கொடுப்பதற்கு அவை வேண்டியனவல்ல அன்றோ? தோட்டத்திலே பதிவு இல்லாமையாற் குறை நேரவில்லை. பதிவின் நோக்கத்தாலேயே குறை நேர்ந்தது. கங்காணியின் தலைக்காசும் அவ்வாறே. ஆட்கள் எத்தனை பேர் என்பதில் அவனுக்கு இலாபம் இருந்தது. கொழுந்து எத்தகையது என்பதில் இருக்கவில்லை.

தரத்தைப் பற்றிய தீர்ப்பு கொழும்பிலே நிகழ்ந்தது. 1883ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆந் தேதி சொமவில் கம்பனியாரின் காரியாலயத்திலே முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 1894இல் கொழும்புத் தேயிலை வணிகர் சங்கம் நிறுவப்பட்டது. ஏலத்துக்கு முன் தரகர்கள் ஒவ்வொரு மாதிரியையும் வடித்துச் சுவைத்து மதிப்பிடுவர். இச்சுவைப்பும் காலப்போக்கிலே ஒழுங்கு முறைக்குள் வந்தது. 1980இல் வெளியான சர்வதேசத் தரநிலையின்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிட நேரம் என்பது கணக்கு. ஒரு கோப்பைத் தேநீருக்குச் சர்வதேச விதியா என்று நகைப்பார் நகைக்கட்டும். வடிக்கும் முறை ஆளுக்கு ஆள் வேறுபட்டால், கோப்பையில் தெரியும் வேற்றுமை தேயிலையினதா, வடித்தவரதா என்று எவராலும் கூறவியலாது. அளக்கும் கருவி நிலையாக இருந்தாலன்றி அளக்கப்பட்ட பொருளைப் பற்றிப் பேசுதல் வீண் என்பதை இவ்விதி நன்கு உணர்த்துகிறது.

ஆயினும் சுவைப்பவர் எத்துணை வல்லவராயினும் அவர் செய்வது முடிந்த பொருளின் பரிசோதனையே. பச்சை வாடை வீசுகிறது, கருகியிருக்கிறது, நார் மிகுந்துள்ளது என்று அவர் எழுதிய குறிப்பு தோட்டத்துக்குத் திரும்பும்போது நாட்கள் பல கழிந்திருக்கும். அக்கொழுந்தைப் பறித்த நாளின் மழையும் வெயிலும் எவருக்கும் நினைவிராது. நினைவிலுள்ள ஒன்றைத்தான் அப்போது செய்யலாம்: அவரவர்க்குக் கீழுள்ளவரை ஏசுதல். துரை ரீமேக்கரை ஏச, ரீமேக்கர் கணக்கப்பிள்ளையைக் குறைகூற, கணக்கப்பிள்ளை கங்காணியிடம் சீற, கங்காணி கொழுந்து பறிப்பவளிடம் வந்து நிற்பான். தரக்குறிப்பு மலையேறும் பாதை இவ்வாறுதான் அமைந்திருந்தது.

இந்நிலையில், தேயிலையோடு தொடர்புடைய ஒரு சிறு நிகழ்ச்சி இங்கிலாந்திலே நடந்தது. றொதம்ஸ்ரெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்திலே 1919 முதற் பணியாற்றிய றொனால்ட் பிஷர் என்னும் கணித அறிஞர் ஒரு நாள் மூரியல் பிரிஸ்ரல் என்னும் பெண் விஞ்ஞானிக்குத் தேநீர் கொடுத்தார். கோப்பையிற் பாலை முன்னர் ஊற்றினாரா, தேநீரை முன்னர் ஊற்றினாரா என்பதைத் தம்மாற் சுவைத்தே கூறவியலும் என்றார் அப்பெண்மணி. இதனைச் சோதிப்பது எங்ஙனம்? எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முன்னர், நான்கில் தேநீர் முன்னர், வரிசை குலுக்கலால் அமைந்தது. எட்டில் நான்கைத் தெரிந்தெடுக்கும் வழிகள் 70. ஆகவே வெறும் ஊகத்தால் எல்லாவற்றையும் சரியாகக் கூறும் வாய்ப்பு எழுபதில் ஒன்று மாத்திரமே. 1935இல் வெளிவந்த தமது நூலிலே பிஷர் இச்சோதனையை விரித்து விளக்கினார். தற்செயலாய் நேர்வது எது, காரணத்தால் நேர்வது எது எனப் பிரித்தறிதலே அதன் உட்பொருள். எமது நாட்டுத் தொழில் தந்த ஒரு பானம் புள்ளியியற் கலையின் புகழ்பெற்ற உதாரணமாக அமைந்தமை மகிழ்ச்சிக்குரியதே.

பிஷரோடு றொதம்ஸ்ரெட்டிலே சேர்ந்து ஆராய்ந்து 1927இலும் 1929இலும் கட்டுரைகள் வெளியிட்டவர் தோமஸ் ஈடன். அவர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து பணியாற்றினார். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட அந்நிலையம் பின்னர்த் தலவாக்கலையின் சென்ற் கூம்ஸ் தோட்டத்தைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டது. தேயிலை விளைச்சற் பரிசோதனைகளில் நேரும் பிழைகளைப் பற்றி ஈடன் 1931இல் எழுதிய கட்டுரை இத்துறையில் முன்னோடியானது. ஒரே மலையில், ஒரே உரம் பெற்ற அயல் பாத்திகள் இரண்டும் ஒரே அளவு கொழுந்தைத் தரமாட்டா. ஆதலின், ஓர் உரம் நல்லது என்று சொல்லுமுன் பாத்திகளைப் பலவாக வகுத்து, எப்பாத்திக்கு எவ்வுரம் என்பதைக் குலுக்கலால் தீர்மானித்து, இயற்கையாய் நேரும் வேறுபாட்டையும் அளந்து, அதனினும் மிக்க வேறுபாட்டையே உரத்தின் பயனாகக் கொள்ளுதல் வேண்டும். உலகின் மிகப் புதிய ஆராய்ச்சி முறை, தோன்றிய சில ஆண்டுகளுக்குள் எமது மலைக்கு வந்தது.

அதே காலத்தில் சிக்காகோ நகரின் ஹோதோண் தொழிற்சாலையைச் சார்ந்த வோல்ரர் ஷூவாட் இவ்வெண்ணத்தையே தொழிற்சாலைப் பொருள்களுக்கு ஏற்றினார். 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் தேதி அவர் தமது மேலதிகாரிக்கு எழுதிய சிறு குறிப்பிலே முதலாவது கட்டுப்பாட்டு வரைபடம் காணப்பட்டது. நடுவே சராசரிக் கோடு. மேலும் கீழும் எல்லைக் கோடுகள். அவற்றிடையே நாளுக்கு நாள் அளவுகள் புள்ளிகளாக. எல்லைக்குள் நிற்கும் ஏற்றத்தாழ்வு செய்முறைக்கு இயல்பானது. எல்லை கடந்த புள்ளிக்குத் தனிக்காரணம் உண்டு. தேயிலையிலே இதனை எளிதில் விளங்கலாம். உலர்த்தியின் குழாயில் வெடிப்பு ஏற்பட்டுப் புகை உட்புகுந்தால் அன்றைத் தேயிலையிற் புகை வாடை வீசும், இது தனிக்காரணம், குழாயைத் திருத்தினால் நீங்கும். மாரிக்காலத்தில் ஒரு நாள் கொழுந்து நன்கு வாடும், மறுநாள் வாடாது. இது வாட்டும் முறைக்கே உரிய இயல்பு. இதற்காக அன்று இரவு வேலைக்கு நின்றவனை ஏசிப் பயனில்லை. வாட்டும் தட்டையும் காற்றாடியையுமே மாற்ற வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாத மேலாளன் முதலாவதைப் பொறுத்துக்கொண்டு இரண்டாவதற்குத் தண்டனை வழங்குவான்.

ஷூவாட்டின் மாணாக்கர் போன்றவரான எட்வேட்ஸ் டெமிங் 1950இல் யப்பானிய விஞ்ஞானிகள் பொறியியலாளர் ஒன்றியத்தின் அழைப்பின்பேரில் அந்நாட்டிலே விரிவுரைகள் ஆற்றினார். மறு ஆண்டே அவர் பெயரால் பரிசு ஏற்படுத்தப்பட்டது. அவர் காட்டி வந்த ஒரு விளையாட்டு எமது தோட்டத்துக்கு மிகவும் பொருந்தும். ஒரு பெட்டியில் வெள்ளை மணிகளும் சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். குழிகள் கொண்ட ஒரு பலகையால் மணிகளை அள்ள வேண்டும். வெள்ளை மணியே வேண்டும், சிவப்பு பிழை. ஒருவனுக்குச் சிவப்பு மணி குறைவு, பாராட்டு. மற்றவனுக்கு மிகுதி, வசை. அடுத்த முறை இருவர் நிலையும் மாறிவிடும். பெட்டியில் உள்ள சிவப்பு மணிகளை நீக்க அவர்களுள் எவருக்கும் அதிகாரம் இல்லை. பிழைகளுள் நூற்றுக்கு 94 பங்கு அமைப்பையே சார்ந்தது, தொழிலாளியை அன்று, என்பது டெமிங்கின் மதிப்பீடு. பறிப்புச் சுற்றுப் பிந்தி இலை முற்றிய மலையிலே நிற்கும் பெண்ணின் கூடையில் விழும் முற்றல் இலைகளே அச்சிவப்பு மணிகள். ஒரு நாட்பேருக்கு இத்தனை கிலோ என்னும் விதி அவள் தலைமேல் உள்ளது. மெல்லிய கொழுந்தை மட்டும் தேர்ந்தால் எடை குறைந்து அரைப்பேராகும். எடையை நிரப்பினால் முற்றல் இலை சேரும். இரண்டிலும் குற்றம் அவளதே.

யப்பானியர் டெமிங்கைக் கேட்டதோடு அமையவில்லை. கவோரு இஷிகாவா முதலியோர் கணிதப் பயிற்சி மிக்கில்லாத தொழிலாளருங் கையாளத்தக்க ஏழு எளிய கருவிகளைத் தொகுத்துப் பரப்பினர். 1962 முதல் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டு வட்டங்கள் தோன்றின. ஒரே வேலை செய்வோர் சிலர் கூடி, தம் வேலையிலுள்ள குறையைத் தாமே தெரிந்து, தாமே அளந்து, தாமே திருத்தும் குழு அது. கருவிகளைத் தேயிலையில் வைத்துக் காண்போம். தரகர் கூறிய குறைகளை வகைப்படி எண்ணி மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தினால் அது பரேற்றோ வரைபடம். பத்து வகைக் குறைகளுள் இரண்டோ மூன்றோ பெரும்பங்கை விளைப்பதை அது காட்டும். அவற்றுள் ஒன்று, பச்சை வாடை என்று கொள்வோம். மீனின் முதுகெலும்பு போல ஒரு கோடிட்டு, இலை, இயந்திரம், காலநிலை, முறை, ஆள் எனக் கிளைகள் வரைந்து, ஒவ்வொன்றிலும் காரணங்களை எழுதுவது மீன்முள் வரைபடம். இவ்விடத்திலேதான் கொழுந்து பறிப்பவளின் சொல் தேவைப்படுகிறது. கூடையிலே கொழுந்தை அழுத்தி அடைத்தால் அது சூடேறிச் சிவந்துவிடும் என்பதும், நிறுவைக்கு நடக்கும் தூரம் எவ்வளவு என்பதும், எந்த மலையில் இலை விரைந்து முற்றும் என்பதும் ரீமேக்கரினும் அவள் நன்கு அறிவாள். நேரத்தையும் நிறத்தையும் இணைத்துப் புள்ளியிடுதல், மலை மலையாகப் பிரித்து நோக்குதல் முதலிய ஏனைய கருவிகள் இதன்பின் வருவன.

இந்தியாவும் இத்துறையிற் பிந்தவில்லை. பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் 1931இல் கல்கத்தாவிலே நிறுவிய இந்தியப் புள்ளியியற் கழகத்தின் அழைப்பை ஏற்று ஷூவாட் 1947, 48இல் அந்நாட்டுக்கு வந்து சில மாதம் தங்கினார். டெமிங் யப்பானில் விரிவுரை ஆற்றுமுன்னரே ஷூவாட் இந்தியாவிலே பேசினார் என்பது கவனிக்கற்பாலது. எனினும் பயன் கனிவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. சென்னையை அடுத்த பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998இல் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அப்பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. 1911இல் மதுரையிலே ரி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. தமிழ்த் தொழிலாளர் வட்டமாக அமர்ந்து மீன்முள் வரைபடம் வரையவும் கூடும், வரைந்து உலகப் பரிசைப் பெறவும் கூடும் என்பதற்கு இது சான்று.

அவ்வாறாயின் எமது மலைகளில் அது நிகழாமை ஏன்? அறிவுக்குறையால் அன்று, கருவிக்குறையாலும் அன்று, ஈடனின் பாத்திகள் சென்ற் கூம்ஸில் இருந்தன. குறை வேறிடத்தில் உள்ளது. யப்பானியத் தொழிலாளர் வட்டமாக அமர்ந்த காலத்தில் எமது கொழுந்து பறிப்பவளுக்கு நாடே இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவளது உரிமையையும் வாக்கையும் நீக்கின. 1964இன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பகிர்ந்தது. அதுவும் ஒருவகைச் செக்ரோலே. அதற்கு மறு ஆண்டாகிய 1965இலேதான் இலங்கை உலகின் முதலாவது தேயிலை ஏற்றுமதி நாடாயிற்று என்பதை மாணாக்கர் பக்கத்திற் பக்கமாக வைத்து எண்ணுவாராக. பரம்பரையாகக் கைவந்த பறிப்புத் திறன் இராமேஸ்வரம் நோக்கிக் கப்பலேறிற்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர். செக்ரோலின் நிரல்கள் மாறவில்லை. எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமையை நிறைவு செய்ய 2003ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. பேசினால் வெளியேற்றப்படக்கூடும் என்று அஞ்சும் ஒருவரிடமிருந்து செய்முறையின் குறையைக் கேட்டறிதல் எங்ஙனம்?

அளந்தறியும் மரபு எத்துணை எளிதில் கைவிடப்படும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நாடெங்கும் ஒருசேரத் தடைசெய்யப்பட்டது. சேதன உரம் நல்லதா தீயதா என்பது ஈண்டு எமது வினாவன்று. சில மலைகளிற் செய்து பார்த்து, ஓராண்டு அளந்து, பின் விரிவாக்குதல் என்பது தர மேம்பாட்டின் அரிச்சுவடி. திட்டமிடல், செய்தல், சரிபார்த்தல், திருத்துதல் என்று மாணாக்கர் எழுதும் நான்கு படிகளுள் இரண்டாவது மாத்திரமே ஆங்கு நிகழ்ந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாயிற்று. அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடிக்கும் இதிற் பங்குண்டு. முழுப் பழியையும் தடையின்மேல் ஏற்றலாகாது. ஆனால் எப்பங்கு எதனால் என்று பிரித்துக் கூற உதவும் ஒப்பீட்டுப் பாத்திகள் விடப்படவில்லை.

தொழிலாளரின் சொல்லைக் கேட்டுத் தொழிலைத் திருத்தும் முறை எமது நாட்டுக்கு ஒவ்வாதது என்று சொல்வார்க்கு விடை கொழும்பிலேயே உள்ளது. காசல் வீதிப் பெண்கள் வைத்தியசாலையிலே 2000ஆம் ஆண்டளவில் வைத்தியர் விமல் கரந்தாகொடவின் தலைமையில் ஐந்து எஸ் முறை கைக்கொள்ளப்பட்டது. வேண்டாதன அகற்றல், எஞ்சியதை ஒழுங்குபடுத்தல், துப்புரவாக்கல், அதனை நிலைப்படுத்தல், பழக்கமாக்கல் என்பன அவ்வைந்தும். வைத்தியரும் தாதியரும் மாத்திரமன்றிச் சிற்றூழியரும் குழுக்களாகி, மருந்து வைக்கும் அலுமாரி தொட்டு நோயாளர் காத்திருக்கும் வரிசை வரை திருத்தினர். பணம் மிகுந்த வைத்தியசாலை அன்று, அரசாங்க வைத்தியசாலை. யப்பானிய அரசின் உதவி நிறுவனம் அதனை ஒரு முன்மாதிரியாகக் கொண்டு, 2007 முதல் ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் சுகாதார அதிகாரிகளுக்கு இம்முறையைப் பயிற்றியது. எமது பாடசாலைகளிலும் ஐந்து எஸ் உண்டு; மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முதல் நாள் அலுமாரிகளில் புதிய பெயர்ச்சீட்டுகள் ஒட்டப்படுவதை ஆசிரியர் யாவரும் அறிவர். ஐந்தாவது எஸ் எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

தேயிலைக்குத் திரும்புவோம். இன்று நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதி சிறு உடைமையாளரின் காணிகளினின்றும் வருகிறது. பல தோட்டத்துக் கொழுந்து ஒரே லொறியிற் கலந்து தொழிற்சாலையை அடைகிறது. இதனால் இலையின் தரம் குன்றுவதைக் கண்ட இலங்கைத் தேயிலைச் சபை, வரும் கொழுந்தில் நூற்றுக்கு 60 பங்கேனும் நல்ல இலையாக இருத்தல் வேண்டும் என்னும் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. ஒரு பிடி கொழுந்தை எடுத்து, இரண்டு இலையும் மொட்டுமாக உள்ளதை ஒரு புறமும் முற்றலை மறு புறமுமாகப் பிரித்து எண்ணுவதே அதன் செய்முறை. இதற்கு இயந்திரம் வேண்டா. எண்ணத் தெரிந்தாற் போதும். இவ்வெண்ணிக்கையைப் பெரிய தோட்டங்களும் நிறுவை மேடையிலே எடுப்பதுண்டு. அதனைப் பறித்தவரின் பெயருக்கு எதிரே மாத்திரம் எழுதினால் அது மற்றொரு தண்டப் புத்தகமாகும். கொழுந்து வந்த மலை, முந்திய பறிப்புக்குப் பின் கழிந்த நாட்கள், கூடை நிறுவைக்கு வந்த நேரம் என்னும் மூன்று நிரல்களைச் செக்ரோலிற் கூட்டி, மாத முடிவிலே அத்தாளைப் பறிப்போரின் முன்னிலையில் விரித்து வைத்து இது ஏன் என்று அவர்களையே கேட்டால், 1962இல் யப்பானியர் தொடங்கியதை எந்தத் தோட்டமும் அடுத்த மாதமே தொடங்கலாம்.